தேசிக்காய்ச் சாமியும் கிண்ணப் போட்டியும்

இலண்டன் செவன் கிங்ஸில் ஒரு வீட்டு வாசலிலிருந்து செருப்புகள் நடைபாதை வரை வந்துவிட்டன என்றால் அது செத்த வீடு இல்லை, கலியாண வீடும் இல்லை. தேசிக்காய்ச் சாமி வீடு.

1989 ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்களின் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு இறுதி ஆட்டம். ஆலடிக் கல்லூரிக்கு எதிராகத் துறையடிக் கல்லூரி. யாழ்ப்பாணத்தில் இரண்டும் ஐந்து மைல் இடைவெளியில் இருந்த பள்ளிக்கூடங்கள். இலண்டனில் இடைவெளி இன்னும் கூடிவிட்டது. துறையடியான் கடையில் ஆலடியார் மிளகாய்த்தூள்கூட வாங்க மாட்டார்கள். ஊரில் அந்த வகுப்பறைகளில் அகதிகள் படுத்திருந்தார்கள். இங்கே நாங்கள் கோல் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சாமியின் பழைய பெயர் கனகலிங்கம். பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை பார்த்தவர். கனவில் அம்மன் வந்து ஷிப்ட்டை விடச் சொன்னாளாம். அம்மனுக்கும் பெட்ரோல் மணம் பிடிக்கவில்லை போலும்.

அவருடைய முன்னறை மேசையில் இரண்டு கண்ணாடிச் சாடிகள் நிறையத் தண்ணீர் இருக்கும். ஒன்றில் எங்கள் ஆலடியின் நீல நாடா, மற்றதில் எதிரணியின் நாடா; இம்முறை துறையடியின் சிவப்பு. சாமி ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, நீலச் சாடியில் போடுவார். மிதக்கும். அதையே எடுத்துச் சிவப்பில் போடுவார். அடியில் போய் உட்காரும். "வெற்றி!" என்பார். கூட்டம் அரோகரா போடும். பிறகு காணிக்கைத் தட்டு வரும்.

நானும் அரோகரா போட்டேன். மெதுவாகத்தான், எனக்குக் கூச்சம். நான் இரசாயனவியல் பட்டதாரி. பார்க்கிங் என்ற ஊரில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை. பகல் முழுவதும் தண்ணீரைச் சந்தேகிப்பேன். மாலையில் சாமி வீட்டில் தண்ணீரைக் கும்பிடுவேன். ஆறு வாரம் கும்பிட்டேன். கால் இறுதியிலும் அரை இறுதியிலும் காய் சொன்னது பலித்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

விளையாட்டோடு நின்றிருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் எங்கள் கோல்கீப்பர் இராஜேந்திரன் என் அண்ணன். அவனுடைய வலது முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. எட்டு மாதம் காத்திருந்து ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. இன்னொரு முறை அந்தக் காலில் விழுந்தால் வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கத்தி பட்டால் காய் தாழும்," என்றார் சாமி. "ஆஸ்பத்திரி வேண்டாம். நான் எண்ணெய் தாறன். பூசிப்போட்டு விளையாடு."

"தம்பி, ஆஸ்பத்திரி எங்கையும் ஓடிப்போகாது," என்றார் எங்கள் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. "கிண்ணம் வருசத்துக்கு ஒருக்காத்தான்."

"சாமி சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்," என்றார் அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ படிச்சனி. என்ன சொல்லுறாய்?"

நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். பத்தும் இருந்தன.

புதன்கிழமை மச்சாள் சிவமலர் போன் எடுத்தாள். துறையடிக் குடும்பத்தில் கலியாணம் செய்தவள். அதனால் எங்கள் வீட்டில் அவளோடு பேசுவது நான் மட்டும்தான்.

"எங்கட காய் மிதந்திட்டுதடி! ஞாயிற்றுக்கிழமை அழுது துடைக்க லேஞ்சி கொண்டு வா."

"எந்தச் சாமியிட்டைப் போனனீங்கள்?"

"செவன் கிங்ஸ் சாமிதான். எங்களுக்குச் செவ்வாய், உங்களுக்கு வியாழன். உனக்குத் தெரியாதே?"

எப்படித் தெரியும்? இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. சாமியின் மூலதனமே அதுதான். வென்றவர்கள் காணிக்கையோடு திரும்பி வந்தார்கள். தோற்ற கல்லூரிகளுக்கும் காய் மிதந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. தோற்றவனோடு யார் பேசுவார்?

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே காய். ஒன்றில் மிதக்கிறது, ஒன்றில் தாழ்கிறது. வித்தியாசம் காயில் இல்லை. இது எட்டாம் வகுப்புப் பாடம். அந்தப் பரீட்சையில் எனக்குத் தொண்ணூற்றாறு.

வியாழன் மாலை கடைசிப் பூசை. எழுந்து நின்று எதிர்த்துப் பேச எனக்கு வராது. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பு வரை போகிறவள் நான். ஆனால் கை நீட்ட வரும். பூசை முடிந்ததும் மேசைக்குப் போனேன். கோயிலில் செய்வதுபோல வலக்கையைக் குவித்து நீட்டினேன்.

"என்ன பிள்ளை?"

"தீர்த்தம்."

"இது குடிக்கிற தீர்த்தம் இல்லை. கோல் கோட்டிலை தெளிக்கிறது."

அதற்குள் எனக்குப் பின்னால் அம்மா கையைக் குவித்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஸ்ரீஸ்கந்தராஜா. வரிசை வாசல் வரை போனது. எங்கள் சனத்துக்கு முன்னால் ஒரு கை குவிந்தால் போதும். எதற்கென்று கேட்காமல் வரிசையில் நிற்கும். ஆறு வாரமாகச் சாமியை வாழவைத்த பழக்கம் அன்று எனக்கு உதவியது. நீட்டிய கைக்குத் தீர்த்தம் இல்லை என்று எந்தச் சாமியால் சொல்ல முடியும்? நீலச் சாடியிலிருந்து கரண்டியால் விட்டார்.

ஸ்ரீஸ்கந்தராஜா மடக்கென்று குடித்தார். முகம் கோணியது.

"உப்பு!"

சாமியின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அம்மா கைகூப்பினார். "கீரிமலைத் தீர்த்தமெல்லோ!"

"அரோகரா!"

யாழ்ப்பாணத்துக் கீரிமலைப் புனிதக் கேணி கடற்கரையில் இருந்தாலும் அதன் தண்ணீர் உப்பில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அதில் குளித்தவர்கள். இருந்தும் அரோகரா.

"அம்மன் கடல் கடந்து வந்திருக்கிறாள்," என்றார் சாமி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

நான் ஏதோ சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

"பொறுங்கோ!" அண்ணன் கத்தினான். "தங்கச்சி என்னவோ சொல்லுறாள்."

"சிவப்புச் சாடியிலையும் தாங்கோ," என்றேன். சாமி அசையவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவே கையை விட்டு அள்ளிக் குடித்தார்.

"பைப் தண்ணி."

"அம்மா, குசினியிலை உப்பு இருக்கோ?"

யார் வீட்டுக் குசினிக்குள்ளும் அம்மா கேட்காமல் போவார். உப்புப் பக்கற்றோடு வந்தார். "என்ன சாமி, ஏழு பக்கற் கிடக்குது. ஊறுகாய் போடுறீங்களோ?"

சாமி போட்ட காய் சிவப்புச் சாடியின் அடியில் கிடந்தது. நான் உப்பைக் கொட்டிக் கலக்கினேன். பாதி கம்பளத்தில் விழுந்தது. காய் அசையவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. இன்னும் கொட்டிக் கலக்கினேன். காய் மெல்லப் புரண்டது. எழுந்தது. மேலே வந்து மிதந்தது.

"அப்ப துறையடியும் வெல்லுமோ?" ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார்.

"அவைக்குச் செவ்வாய்க்கிழமையே மிதந்திட்டுது," என்றேன். "சிவமலரிட்டைக் கேளுங்கோ."

"அம்மன் மனம் மாறிட்டாள்," என்றார் சாமி.

"கரண்டியாலை கலக்கினால் மாறுவாவோ?" என்றான் அண்ணன்.

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அறை முழுவதும் சிரித்தது. சாமி தியானத்துக்கென்று மாடிக்குப் போனார். இறங்கி வரவில்லை. அண்ணன் எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "காலமை எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும்?" என்று என்னிடம் கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. கால் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். அண்ணனுக்குப் பதில் கம்பங்களுக்கு நடுவே நின்றது ஸ்ரீஸ்கந்தராஜா. ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடினார்.

"பிள்ளை தீர்த்தத்தைச் சோதிச்சது பிழை," என்றார் ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு. "அம்மன் கோவிச்சிட்டாள்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். துறையடியார் தங்கள் காய் பலித்துவிட்டதென்று தேங்காய் உடைத்தார்கள். சாமி இப்போது கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டாராம்.

கண்ணுக்குப் பந்து தெரியாத ஆளை நிறுத்தினால் கோல் விழும். இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. பட்டம் வைத்திருந்த எனக்கே ஆறு வாரம் ஆனது. உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூப்பிய கையோடு யோசனை வராது. ஒருமுறை கீழே இறக்குங்கள்.