மலையில் நான் போட்ட டென்னிஸ் களம்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எனக்கும் தையலுக்கும் கல்யாணமாகி ஏழு மாதம். சாலை போடும் கம்பெனி ஒன்றில் கடிதங்களை நகலெடுக்கும் குமாஸ்தா. என் மாமனார் செராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் வியாபாரம் செய்தார். புக்கிட் தீமாவில் ஒரு குன்றின் சரிவில் அவருக்குப் பழத்தோட்டமும் சின்ன மரவீடும் இருந்தன. (சிங்கப்பூரில் அதைத்தான் மலை என்போம். வேறு மலைக்கு எங்கே போவது?)

ஒரு நாள் எங்கள் துரை, டென்னிஸ் விளையாட ஊரில் நல்ல இடமே இல்லை என்று சலித்துக்கொண்டார். என் மாமனாரின் மலையில் அருமையான களம் ஒன்று இருப்பதாக எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொல்லிவிட்டார்.

மாமனாரிடம் அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்லவில்லை. துரை வருகிறார், விளையாட ஒரு சமதரை வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, நீங்க ரோடு போடுற ஆபீஸ்லதானே இருக்கீங்க. நீங்களே நின்னு போடுங்க" என்றார் அவர். நான் அங்கே பேனாவைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இடம் போதவில்லை. காய்க்கிற மங்குஸ்தான் மரங்கள் இரண்டை வெட்ட வேண்டியிருந்தது. மாமனார் தாமே கோடரியை எடுத்தார். கொட்டகை ஆட்கள் நான்கு பேர் மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டினார்கள். அதன்மேல் வண்டி வண்டியாகக் கொட்டகை எருவையும் கொட்டச் செய்தேன். (பள்ளம் சீக்கிரம் நிரம்புமல்லவா?) பிறகு தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, ஆபீசிலிருந்து இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்தேன்.

மாமனார் குனிந்து பார்த்தார். "குமிழி ஓரமா நிக்குதே மாப்பிள்ளை?"

"அது அப்படித்தான் மாமா நிக்கணும்."

கடைசியாகக் களம் முழுவதும் சாணம் போட்டு மெழுகினோம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. என் மனைவி தையல் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, மழை வந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றாள்.

"பூமிக்குள்ள போகும்" என்றேன்.

சனிக்கிழமை துரையும் துரைசானியும் ரயிலில் வந்து இறங்கினார்கள். இருவரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை. துரை முதல் பந்தை அடித்தார். அது என் பக்கம் விழுந்து, நிதானமாக உருண்டு, களத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே போய்விட்டது. இரண்டாவதும் அதே வழியில் போனது. ஆம், நான்தான் எதிராளி. துரைசானி வெயில் தாங்காமல் நாற்காலியில் அமர்ந்துவிட்டதால், மட்டையைப் பிடித்தறியாத என்னைப் பள்ளத்துப் பக்கம் நிறுத்தியிருந்தார் துரை.

நான்காவது பந்துக்கு மழை பிடித்துக்கொண்டது. புக்கிட் தீமா மழைக்குத் தூறல் என்கிற பழக்கமெல்லாம் கிடையாது. துரை விடவில்லை. இன்னும் ஒரே ஒரு பந்து என்று ஓங்கியவர், நனைந்த சாணத்தில் வழுக்கி உட்கார்ந்தார். நான் தூக்கிவிட ஓடினேன். ஓடினேன் என்றுதான் நினைத்தேன்; அவர் என்னை விட்டு மெதுவாக விலகிப் போய்க்கொண்டிருந்தார். விலகியது நான்தான் என்று புரிய ஒரு விநாடி ஆயிற்று. பாதிக் களம், வலை, ஒரு கம்பம், நான் என எல்லோருமாகச் சேர்ந்து மலையிறங்கி, அடிவாரத்தில் ஆ சூன் என்ற சீனரின் கீரைப் பாத்தியில் போய் நின்றோம்.

மேலே விளிம்பில் துரையின் தலை தெரிந்தது. உடையெல்லாம் சாணம். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அவுட்" என்றார்.

எல்லோருக்கும் முன்னால் சரிவில் ஓடி வந்தவள் தையல்தான். கை கொடுத்தாள், தூக்க முடியவில்லை. சிரிப்பு அவளை விடவில்லை. ஏழு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். மாமனார் மெல்ல இறங்கி வந்து, "மாப்பிள்ளைக்கு அடிகிடி படலியே?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் சாகும்வரை, யார் கேட்டாலும் "அன்னிக்கு மழை ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். துரை என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ரசமட்டத்தைப் பூட்டி வைத்தார்.

மறுநாள் ஆ சூனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் குவிந்து கிடந்த மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். "பாகுஸ் லா" என்றார். நல்ல மண்ணாம். அந்த வருஷம் அவர் தோட்டத்துக் கங்கோங் கீரை இடுப்பளவு வளர்ந்தது. தீபாவளிக்கு ஒரு கூடை அனுப்பினார். இன்று அவர் மகன் அனுப்புகிறார். எங்கள் வீட்டில் அதற்கு டென்னிஸ் கீரை என்று பெயர்.

போன தீபாவளிக்கு எங்கள் புது மருமகன், இது என்ன பெயர் என்று விசாரித்தார். நான் வேறு பேச்சை எடுத்தேன். தையல் அவர் இலையில் இன்னொரு கரண்டி கீரையை வைத்தாள்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. உங்க மாமா உருண்டு போய்ப் பயிர் பண்ணினது."