ஜீரோ சாரும் கடைமடைத் தண்ணீரும்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஜீரோ சாரைவிடப் பயந்த ஆண்பிள்ளை பிறந்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், ஸ்விட்சுக்குப் பயம். ஃபேன் போட வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிடுவார். வந்தவன் ஸ்விட்சைத் தட்டும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார். பஸ்ஸில் கூட்டம் என்றால் ஏறமாட்டார். கூட்டம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று சந்தேகப்பட்டு ஏறமாட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைப் பிடிக்காது. பாபநாசம் ரோட்டில் இருந்த ஒர்க் ஷாப்பில் நான் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். அவர் இன்ஸ்பெக்‌ஷன். நான் வியர்வை சொட்டக் கடைந்து கொடுப்பேன், அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு தூக்கி எறிவார். பிடிக்குமா?

திருச்சியில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குச் சாமான் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தபோது முதலாளி ஒரு டிஜிட்டல் ஹைட் கேஜ் வாங்கினார். கனமான அடிப்பாகம், அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் ஒரு கை, கையோடு ஒட்டிய சின்னத் திரை. வழவழப்பான கருங்கல் பலகைமேல் அதை வைத்து, எதைத் தொட்டாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை திரையில் எண் ஓடும். அளக்கும் முன்னால் கையைக் கருங்கல்லில் இறக்கி ஜீரோ பட்டனை அமுக்க வேண்டும். “ஜீரோ பண்ணியாச்சா?” என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துபோனது.

என் சாமானை எறியும்போதுகூடத் தைரியமாக எறியமாட்டார். திரைக்குப் பின்னால் பாதி முகத்தை ஒளித்துக்கொண்டு, “நான் சொல்லலப்பா, கேஜ் சொல்லுது” என்பார்.

அந்த நாளில் எங்கள் பக்கம் பயப்படக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. கழகங்கள் மாறி மாறி ஆண்டன. எந்தக் கட்சி வந்தாலும் பெரிய பண்ணைக்காரன் அந்தக் கட்சி வேட்டியைக் கட்டிக்கொண்டான். குத்தகைக்காரன் பக்கம் செங்கொடி. இருவருக்கும் நடுவில் அறுவடைக்கு அறுவடை மண்டை உடையும். ஜீரோ சார் எல்லாக் கட்சிக்கும் நன்கொடை கொடுத்து, ரசீதுகளைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். யாராவது மறித்தால் அந்தக் கட்சி ரசீதை எடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரு பந்த் அன்று பதற்றத்தில் செங்கொடிக்காரர்களிடம் ஆளுங்கட்சி ரசீதை நீட்டிவிட்டார். தப்பு தெரிந்ததும் எல்லா ரசீதையும் வாயில் போட்டு மென்றுவிட்டார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதைக் குடிக்கவில்லை. எதையாவது கலந்திருப்பார்களோ என்று பயம்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு நாள் பண்ணையாரின் ஜீப் தேடி வந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை பண்ணையார் நிலத்துக்கு, இன்னொன்று வாய்க்கால் போய் முடிகிற கடைமடைக்கு. பிரியும் இடத்தில் இரண்டு கிளைக்கும் ஒவ்வொரு அடிக்கல். தண்ணீர் அதன்மேல் ஏறித்தான் போக வேண்டும். இரண்டு கல்லும் ஒரே மட்டமாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பாயும். அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. சம்பா நாற்று மஞ்சள் அடித்தது. பண்ணையார் தன் பக்கத்துக் கல்லை ராத்திரியோடு ராத்திரியாகச் செதுக்கித் தாழ்த்திவிட்டான் என்றார்கள் கடைமடைக்காரர்கள். நாற்று காய்ந்தால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் குத்தகை கொடுக்க முடியாது. குத்தகை நின்றால் நிலத்தைப் பிடுங்கலாம். அவனுக்குத் தண்ணீரா வேண்டியிருந்தது? ஆளைக் கிளப்ப வேண்டியிருந்தது.

அந்தக் குத்தகைக்காரர்களில் ஒருவன் என் அண்ணன். அவன் பேசுகிற ஆள் இல்லை, வெட்டுகிற ஆள். 

இரண்டு பக்கமும் கொத்தனாரை வைத்து ரசமட்டம் பிடித்துப் பார்த்தார்கள். கடைமடைக்காரர்களின் கொத்தனார் தாழ்வு என்றான், பண்ணையாரின் கொத்தனார் சமம் என்றான். கைகலப்பு ஆனது. கடைசியில் யாரோ ஒருவன் எங்கள் ஒர்க் ஷாப்பில் கம்ப்யூட்டர் அளவு இருக்கிறது, மனுஷன்தான் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்று கிளப்பிவிட்டான். திரையில் எண் தெரிந்தால் எல்லாம் கம்ப்யூட்டர் என்று நம்பிய காலம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. விரலை வைத்துப் பார்த்தாலே தெரிகிற வித்தியாசத்துக்கு நூறில் ஒரு பங்கு பார்க்கிற கருவி! பண்ணையாருக்கும் சம்மதம். அளக்கிற ஆள் யார் என்று விசாரித்திருப்பான்.

ஜீப் சத்தம் கேட்டதும் ஜீரோ சார் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினேன். என் அண்ணன் அங்கே இருக்கிறான், அளந்து சொல்லாவிட்டால் இன்றைக்கு வெட்டு விழும் என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “உங்க அண்ணன் கையில அருவா இருக்குமா?”

“இருக்கும் சார்.”

“அப்ப நான் வரலப்பா.”

பண்ணையாரின் ஆள் ஒருவன் வந்து கதவை ஒரு உதை விட்டான். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது, கன்னத்தில் வெட்டுத் தழும்பு இருந்ததால் தழும்பன் என்போம். ஜீரோ சாரைக் கோழியைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான். முதலாளியின் டிராக்டரில் கருங்கல் பலகை ஏறியது. கேஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் டிரெய்லரில் உட்கார்ந்தார். வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்திருந்தார்.

வாய்க்காலில் இறங்கினோம். இந்தக் கரையில் பண்ணையார் ஆட்கள், அந்தக் கரையில் கடைமடைக்காரர்கள்.  எல்லார் கையிலும் அரிவாள், வெயில் பட்டுப் பட்டு மின்னியது. தலைமதகை அடைத்திருந்ததால் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

இரண்டு கிளைக்கும் நடுவில் இருந்த சுவரின்மேல் கருங்கல்லை வைத்து மட்டம் பிடித்தோம். ஒரே உயரமுள்ள இரண்டு இரும்பு உருளைகளை இரண்டு அடிக்கல்லிலும் நிறுத்தினோம். உருளைகளின் தலையைத் தொட்டுப் பார்த்தால் கல்லின் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். வெயில் பட்டால் கேஜ் நீளும் என்று குடை பிடிக்கச் சொன்னார். அத்தனை அரிவாளுக்கு நடுவில் நான் ஒரு மிஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

தழும்பன் அரிவாளோடு வந்து அவர் காதருகே குனிந்தான். “பாத்துச் சொல்லுய்யா. புள்ளகுட்டி இருக்குல்ல?”

ஜீரோ சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.  

“இரும்பு கிட்ட வந்தா அளவு ஓடிடுங்க.”

“என்னது?”

“அருவா. இரும்புல்ல? கிட்ட இருந்தா நம்பர் நிக்காது. கம்ப்யூட்டருங்க.”

தழும்பன் ஓரடி பின்னால் போனான். இவர் தலையை ஆட்டினார், போதாது என்று. இன்னும் பின்னால் போனான். போதாது. ஜீரோ சார் அழாத குறையாகக் கரையைப் பார்த்துச் சொன்னார். “நான் அளவு சொல்லமாட்டேங்க. எனக்குப் பயம். நீங்களே ஒவ்வொருத்தரா வந்து படிச்சுக்கங்க. இரும்பு மட்டும் வேணாம்.”

அவர்கள் அரிவாளைப் போட்டால்தான் போடுவோம் என்றார்கள் இவர்கள். இவர்கள் போட்டால்தான் என்றார்கள் அவர்கள். பிறகு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். அரிவாள், வேல்கம்பு, சைக்கிள் செயின், மண்வெட்டி. ஒரு பெரியவர் பாக்குவெட்டியைப் போட்டுவிட்டு, திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். அண்ணன் கடைசியாகப் போட்டான். டிரெய்லர் பழைய இரும்புக் கடை மாதிரி ஆனது. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்னும் மோசம், வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றார் ஜீரோ சார். டிரைவர் ஓட்டிப் போனான். வண்டி புளியமரங்களைத் தாண்டி மறையும்வரை அவர் பட்டனைத் தொடவில்லை.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்தக் கேஜின் அடிப்பாகம் இரும்பு. உருளை இரும்பு. ஒர்க் ஷாப்பில் அது வந்த நாளிலிருந்து இரும்போடுதான் குடித்தனம். ஒரு முடி அளவு தப்புக்கு என் சாமானை எறிந்த மனுஷன், அத்தனை பேர் முன்னால் வாய் கூசாமல் புளுகினார்.

கடைமடை உருளையில் கேஜின் கையை வைத்து ஜீரோ அமுக்கினார். பண்ணையார் பக்கத்து உருளைக்குத் திருப்பி இறக்கினார். திரையில் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு. கோடு இருந்தால் தாழ்வு என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். வரிசையாக வந்து பார்த்தார்கள். பண்ணையாரும் வந்து குனிந்து பார்த்தான், முகம் கறுத்தது. அவனுடைய கொத்தனார் பார்த்தான். இருபத்திரண்டு மில்லி என்று படித்தவன் கோபமாக நிமிர்ந்தான்.

“இது அநியாயம். நான் அவ்வளவு கொத்தலையே.”

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு எல்லாக் கையும் ஒரே சமயத்தில் இடுப்புக்குப் போயின. என் அண்ணன் கையும் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

அரிவாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதமாட்டேன். இல்லாததால் சேற்றில் உருண்டார்கள். அறைந்தார்கள், கடித்தார்கள், வேட்டியை உருவினார்கள். தழும்பனை என் அண்ணன் வாய்க்காலில் அமுக்கினான், அவன் அண்ணன் காதைத் திருகினான். யாரோ சொல்லிப் போலீஸ் ஜீப் வந்தபோது யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை, எல்லாரும் ஒரே சேறு. அரிவாள்களோடு டிராக்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதிகாரிகள் முன்னால் அதே கொத்தனார் சிமெண்டு போட்டுக் கல்லை ஏற்றினான். கடைமடையில் தண்ணீர் பாய்ந்தது. அண்ணன் அந்த நிலத்தில் நட்டான்.

அதெல்லாம் பிறகு. சண்டை நடந்த அன்று மதியம் நானும் ஜீரோ சாரும் கேஜ் பெட்டியோடு நடந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். கூட்டமான பஸ். அவர் ஒன்றும் கேட்காமல் ஏறினார். உட்கார இடம் கிடைத்ததும் நான் மெதுவாக, “ஏன் சார், கேஜோட அடியே இரும்புதானே?” என்றேன்.

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். “சத்தமாப் பேசாதப்பா.”

கொஞ்ச தூரம் போனபின் அவரே கேட்டார். “எவ்வளவு காட்டுச்சு?”

கண்ணாடியைக் கழற்றியவர் திரும்பப் போடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். தலையாட்டினார். அவருடைய உடம்பு ஆடிக்கொண்டிருந்தது, பெட்டிக்குள் கேஜ் கடகடவென்று தட்டியது. அவர்மேல் சாய்ந்திருந்த என் தோளும் சேர்ந்து ஆடியது. அதைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா இப்படி நடுங்கற?” என்று கேட்டார்.

“பயமா இருக்கு சார்” என்றேன். “கொஞ்சம் கையப் புடிச்சுக்கங்க.”

பிடித்துக்கொண்டார்.