பதினெட்டாம் மாடியில் பட்டினி கிடந்த கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். பாதியை மனை போட்டு விற்றாகிவிட்டது, மீதிப் பாதியில்தான் கதை. கரடியின் பெயர் பொன்னுரங்கம். மகா மரியாதைக்காரர். யார் வீட்டில் எதை நீட்டினாலும் முதலில் "வேண்டாங்க" என்பார். அவர்கள் வற்புறுத்துவார்கள். "ஐயோ, போதும் போதும்" என்பார். இன்னும் இரண்டு கரண்டி விழும். அந்த உடம்பு அப்படித்தான் வந்தது.

அதே மரியாதையால் நஷ்டமும் வந்தது. மூத்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், தங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். இவர் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "அதெப்படிங்க, எங்க திருப்திக்கு" என்று வாயை விட்டார். மூன்று தேன்மரங்கள் போயின. இப்போது மிச்சம் ஒரே ஒரு மரம். குடும்பமே அதை நம்பித்தான் இருக்கிறது.

இந்த நிலைமையில் இளைய மகள் அஞ்சுகம், கூடப் படித்த பட்டணத்துக் கரடி நவநீதனை விரும்பிவிட்டாள். பையனின் அப்பா தயாளமூர்த்தி சம்பந்தம் பேச வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஓர் உயர்தர உணவகத்தில், பதினெட்டாம் மாடியில், ஏழரை மணிக்கு நான்கு பேருக்கு மேஜை பிடித்துவிட்டார். பதினைந்து நிமிடம் தாமதமானால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். பொன்னுரங்கத்தின் மனைவி மரத்துக்குக் காவல் இருந்துகொண்டாள். இதையும் தாரை வார்த்துவிட்டு வந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அஞ்சுகமோ, இந்தச் சம்பந்தம் முறிந்தால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றாள். அது நிஜமான வேண்டாம்.

விருந்துக்குப் போகிறோமே என்று அப்பாவும் மகளும் மதியம் சாப்பிடாமல் கிளம்பினார்கள். முதலில் பஸ், பிறகு மெட்ரோ. மெட்ரோவில் ஒரு முயல் எழுந்து இடம் கொடுத்தது. "பரவாயில்லைங்க, நீங்க உட்காருங்க" என்றார் பொன்னுரங்கம். முயல் உட்கார்ந்துவிட்டது. மனிதர், இல்லை, கரடி பதினோரு ஸ்டேஷன் நின்றுகொண்டே வந்தார்.

இறங்கி மேலே வந்தால் உணவகம் எதிர்ச்சாரியில் கண்ணுக்கெதிரே தெரிகிறது. சாலையைத்தான் கடக்க முடியவில்லை. ஒரு புறாவிடம் வழி கேட்டார்கள். தெரியாது என்று சொல்லி அதற்குப் பழக்கமில்லை போல. நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பித் திரும்பி, இறங்கின ஸ்டேஷன் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஒரு லாரி மறித்து நின்ற புண்ணியத்தில் ஓடிக் கடந்து, ஏழு நாற்பத்து நாலுக்கு லிஃப்டுக்குள் விழுந்தார்கள். மேலே தயாளமூர்த்தியும் நவநீதனும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பரிமாறியது ஒரு நாரை. கறுப்புக் கோட்டு, ஒற்றைக் கால், ஒரு இறக்கை முதுகுக்குப் பின்னால். மொத்தம் ஒன்பது சுற்றாம். முதல் தட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்தது. அதன் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று, அதன் தலையில் நுரை. பொன்னுரங்கம் வாயில் போட்டார், போட்டது வாய்க்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்று நாரை பணிவாகக் கேட்டது.

"ஐயோ, போதுங்க" என்றார் பொன்னுரங்கம்.

நாரை தலை வணங்கித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவ்வளவுதான். ஒரு வற்புறுத்தல் கிடையாது. திரும்பி வரும் என்று அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில், பந்தியில் இலையை மறைக்கிற மாதிரி இரண்டு கையாலும் தட்டை மறைத்தார், நடுவில் தாராளமாக இடுக்கு விட்டு. அந்த இடுக்கில் போடத் தெரியாத பறவை அதையும் கொண்டுபோயிற்று. ரொட்டிக்கூடை வந்தது, வேண்டாம் என்றார், போனது. ஏழாம் சுற்றில் தேனே வந்தது. "எனக்கெதுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவருக்கே அழுகை முட்டியது. மேஜைக்கு அடியில் அஞ்சுகம் காலை மிதித்துப் பார்த்தாள். பழகின வாய், கேட்டால்தானே?

தயாளமூர்த்தி ஒவ்வொரு தட்டுக்கும் "கொண்டா" என்று சொல்லி ஆற அமரச் சாப்பிட்டார். ஒன்பதாம் சுற்று முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க" என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கைத்துணியை மெதுவாக மடித்துக்கொண்டே காத்திருந்தார். பட்டணத்துக் கரடிதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் காட்டு மரியாதை அவருக்கு அத்துப்படி. ஒரு மரம் மிச்சம் இருப்பதும் தெரியும்.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். 'அதெப்படிங்க' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அஞ்சுகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவர் வயிறு கடமுடவென்று இரைந்தது. நாரையைப் பார்த்தார். போன தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இந்த ஊரில் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"சரிங்க" என்றார்.

"என்ன சரி?"

"ஒண்ணும் வேண்டாம்னீங்களே, அதான் சரின்னேன்."

தயாளமூர்த்தி லேசாக இருமினார். நாங்கள் கேட்கவில்லை, பெண்ணுக்கு நீங்களாகப் பிரியப்பட்டு ஏதாவது, மரம் கிரம் என்று இழுத்தார். பொன்னுரங்கம் நாரையைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னப்புறம் இங்கே மறுபடி வற்புறுத்துவீங்களா?"

"வழக்கமில்லை ஐயா" என்று நாரை தலை வணங்கி, போகிற போக்கில் தயாளமூர்த்தியின் தட்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. நவநீதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கல்யாணம் அங்கேயே நிச்சயமாயிற்று.

கீழே வந்ததும் தயாளமூர்த்தி ஒப்புக்கு, காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பொன்னுரங்கம் முன்சீட்டில் இருந்தார். காடு அங்கிருந்து நாற்பது மைல். வழியில் ஒரு பரோட்டாக் கடையில் நிறுத்தச் சொன்னார். கடைக்கார எருமை எதையும் கேட்கவில்லை, போட்டுக்கொண்டே இருந்தது. பதினாலாவது பரோட்டாவில் பொன்னுரங்கம் போதும் என்றார். எருமை இன்னும் இரண்டு போட்டு, சால்னாவையும் ஊற்றிவிட்டுப் போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நீதி: சம்பந்தம் பேசப் போகும்போது வெறும் வயிற்றோடு போகவும். வயிறு காலியாக இருந்தால்தான் சம்பந்தி சொல்வது சொன்னபடியே காதில் விழும்.