கல்யாணம் முடியும்வரை டைரக்டரி கிடையாது

ரப்பர் பால் ஏற்றிய லாரி குலசேகரம் ரப்பர் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது. லேப்பிலிருந்து ஆள் வந்து சோதித்து, அம்மோனியா சேர்த்தால் பால் தப்பும். இல்லையென்றால் மொத்த லோடும் உறைந்து, கழிவு ரப்பரான ஒட்டுப்பால் விலைக்குத்தான் போகும்.

"லேப்புக்கு போன் போடும் ஓய்," என்றான் டிரைவர் சுந்தரராஜ்.

"நம்பர் கம்ப்யூட்டர் டைரக்டரியில இருக்கு," என்றார் செக்யூரிட்டி கிருஷ்ணமணி.

"அப்ப பாரும்."

"பாக்கப்பிடாதுண்ணு புது சர்க்குலர்."

"அன்னா தெரியுது லேப்பு. நடந்து போயி கூப்பிடும்."

"கேட்டை விட்டு நவரப்பிடாதுண்ணு பழைய சர்க்குலர்."

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அபினேஷுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. டைரக்டரியை மூடியது அவன் கை. மூளை மேனேஜர் யேசுரத்தினத்தினுடையது. போன வாரம்வரை எந்தக் கம்ப்யூட்டரில் யார் பெயரைத் தட்டினாலும் உத்தியோகமும் போன் நம்பரும் வந்து விழும். அதுதான் வினை. மேனேஜரின் மகன் பிரைட்டன் இங்கே ஸ்டோர் ஹெல்பர். பெண்வீட்டில் சொன்னது உதவி மேலாளர். கல்யாணக் கார்டிலும் அப்படியே அச்சடித்தாகிவிட்டது. அந்தப் பெண்ணின் சித்தி நேசபாய் இப்போது இங்கேயே பில் போட வந்துவிட்டாள்.

பிரைட்டன் அவள் கண்முன்னேதான் தினமும் டிரம் உருட்டுகிறான். அது பரவாயில்லை, மாப்பிள்ளை எளிமையானவர் என்று நினைத்துக்கொள்வாள். கம்ப்யூட்டர் சொன்னால் நம்பிவிடுவாளே!

ஆகவே சர்க்குலர் வந்தது: "தகவல் பாதுகாப்பை முன்னிட்டு, யார் யாரென்று சாதாரணப் பயனர்கள் அறிந்துகொள்வது இதனால் தடை செய்யப்படுகிறது. அறிய விரும்புவோர் உரிய அதிகாரியை அணுகவும்." உரிய அதிகாரி யாரென்று டைரக்டரியில் பார்க்க வேண்டும்.

அபினேஷ் மேனேஜர் அறைக்குப் போனான்.

"சாரே, பால் உறையப் போவுது. போன் நம்பரை மட்டும் திறந்து விடட்டா?"

"செக்யூரிட்டிண்ணா செக்யூரிட்டி, மக்களே."

"ஹேக்கரா சாரே வரப்போறான்?"

"ஹேக்கர் வந்தா சமாளிக்கலாம். சம்பந்தி வந்தா என்ன செய்வ?"

அபினேஷ் தானே லேப்புக்கு ஓடினான். அங்கே லிஜி உட்கார்ந்திருந்தாள்.

"இப்பம் டியூட்டி யாரு?"

"டைரக்டரி பாத்தாத்தான் தெரியும்."

"ஏட்டி, நீதான இருக்க!"

"இருக்கேன். எனக்க டியூட்டிண்ணு எங்க காட்டுது? நாளைக்கு மெமோ வந்தா நீ வாங்குவியா?"

திரும்பி வந்தபோது சுந்தரராஜ் டாங்கிக்குள் ஒரு கம்பைக் குத்தியிருந்தான். கம்பு நட்டமாய் நின்றது.

"இனி பம்பு வேண்டாம். வெட்டுகத்தி கொண்டாரும்," என்றான்.

நாகர்கோவிலிலிருந்து முதலாளி போனில் கத்திய கத்து மேனேஜர் அறைக்கு வெளியேயும் கேட்டது. உத்தரவு மாறியது: சாயங்காலத்துக்குள் டைரக்டரியை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும்.

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக அபினேஷின் மேஜைக்கு வந்தார்கள்.

"எனக்க மாப்பிள வீட்டில என்னைக் கெமிஸ்டுண்ணு சொல்லியிருக்கு. ஒரு மாசம் தள்ளிப் போடேன்," என்றாள் லிஜி.

"மகளுக்க கல்யாணக் கார்டுல என்னைப் பாதுகாப்பு அதிகாரிண்ணு போட்டாச்சு மக்கா," என்றார் கிருஷ்ணமணி.

கடைசியில் நேசபாயே வந்தாள். குரல் காதுக்குள் மட்டும் கேட்டது.

"பிரைட்டன் வீட்டில என்னை அக்கவுண்ட்ஸ் ஆபீசர்ணு சொல்லியிருக்கு தம்பி. நான் பில்லு போடுறது அவங்களுக்குத் தெரியப்பிடாது."

"உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?" என்று விரட்டிவிட்டான் அபினேஷ். அந்த வேகத்திலேயே உட்கார்ந்து தட்டினான். எல்லாருக்கும் திறக்கும் முன் சரிபார்க்கத் தன் பெயரையே போட்டுப் பார்த்தான். 'அபினேஷ், தற்காலிக உதவியாளர்' என்று வந்தது.

செல்போன் அடித்தது. அம்மா தேவகனி.

"மக்களே, மார்த்தாண்டத்துக்காரங்களுக்கு நல்லா பிடிச்சுப் போச்சு. கம்ப்யூட்டர் இஞ்சினியர்ணா சும்மாவா! பெண்ணுக்க அண்ணன் நாளைக்கு உங்க கம்பெனியிலதான் வேலைக்குச் சேருதானாம். அவனுக்கு எல்லாம் காட்டிக் குடு, கேட்டியா?"

சாயங்காலத்துக்குள் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அவன் திறக்கவில்லை.