தேநீருக்கு மூலப்பத்திரம் கேட்டேன்

ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து

மதிப்பிற்குரிய மச்சான் வெற்றிவேல் அவர்களுக்குப் பழனிசாமி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் இருக்கிறது, உங்கள் தங்கை தமயந்தி ஊருக்கு வர மாட்டேன் என்கிறாள். நீங்கள் ஃபோன் செய்து அண்ணன் என்ற முறையில் ஒரு அதட்டல் போட வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். "அம்மாவுக்குப் பொழுது போகணும்ப்பா" என்று மகள் அஸ்வினி அவளைப் பக்கத்துத் தெருவில் ஹருக்கோ என்ற ஜப்பானிய அம்மாளின் தேநீர் வகுப்பில் சேர்த்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக டீ போட்டவளுக்கு டீ போட ஒரு வகுப்பு. பால் இல்லை, சர்க்கரை இல்லை, பச்சைப் பொடியை வெந்நீரில் போட்டு மூங்கில் மத்தால் அடிக்கிறார்கள். துணியை மடிக்கக் கற்றுக்கொள்ளவே மூன்று வாரம். ஆறரை மணிக்கு வந்த என் காலை டீ ஏழே காலுக்குப் போய்விட்டது, ஏனென்றால் தம்ளரை எடுப்பதற்கும் இப்போது ஒரு முறை இருக்கிறதாம்.

போன ஞாயிறு அவள் முதல்முறையாகத் தானே விருந்தினருக்குத் தேநீர் நடத்தினாள். வயதில் மூத்தவன் என்று என்னை முதல் விருந்தாளியாக உட்கார வைத்தார்கள். முழங்காலை மடித்து உட்கார்ந்தது தனிக் கதை. முதல் விருந்தாளி கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, எங்கே செய்தது, யார் செய்தது என்று இரண்டு கேள்வி கேட்பதுதான் மரியாதை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோபியில் இருபத்தாறு வருஷம் சார்பதிவாளராக இருந்தவனைக் கேள்வி கேள் என்றால் இரண்டோடு எங்கே நிறுத்துவது? கிண்ணம் யாரிடமிருந்து வந்தது, அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று போய், கடைசியில் இந்த வழக்கமே யாருடையது என்று கேட்டுவிட்டேன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவுக்குப் படிக்கப் போன பிட்சுகள் கொண்டுவந்தது என்றார் ஹருக்கோ அம்மாள். அப்படியென்றால் மூலப்பத்திரம் சீனாவில் இருக்கிறது, உங்களிடம் இருப்பது கைவசம் வைத்து ஆண்டுவந்த அனுபவ பாத்தியதை மட்டும்தான் என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

வெளியே வந்ததும், "ஏனுங்க, நாலு மாசமாப் பழகுனேன். டீ நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்போதாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். சாட்சிக்கு ஆள் தேடினேன். அடுத்த வீட்டு லியாங், சீன இலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். அன்று மாலையே வேலியோரம் நின்று, இந்தத் தேநீர் வழக்கம் யாருடையது என்று கேட்டேன். எங்களுடையதுதான் என்றார். உடனே தமயந்தியைக் கூப்பிட்டு நிறுத்தினேன். மனிதர் மேற்கொண்டு பேசினார். பொடியைக் கடைந்து குடிப்பதை நாங்களே விட்டுத் தொலைத்தோம், காப்பாற்றியவர்கள் அவர்கள்தான் என்றார். பிற்பாடு இலையை ஊறவைத்துக் குடிக்கும் எங்கள் பழக்கத்தையும் ஒரு பிட்சு அங்கே கொண்டுபோனார், சடங்கில் அலுத்துப்போன ஜப்பானியக் கவிஞர்களும் ஓவியர்களும் எங்கள் படிப்பாளிகளைப் போலவே உட்கார்ந்து பேசிக் குடித்தார்கள் என்றார். நான் கொண்டுவந்த சாட்சி எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டது.

"கேட்டுக்கிட்டீங்களா? வெச்சுக் காப்பாத்துனவங்களுக்கும் ஒரு மரியாதை இருக்குதுங்க. நான் வகுப்பை முடிச்சுட்டுத்தான் வருவேன். நீங்க போய்க்குங்க" என்று உள்ளே போனவள், அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் இல்லாமல் நான் ஒரு வாரம்கூட இருந்ததில்லை மச்சான். பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஃபோனை மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பழனிசாமி

பி.கு.: ஃபோன் செய்ய வேண்டாம். இன்று லியாங் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். படிப்பாளிகள் முறையாம். மடித்து உட்கார வேண்டியதில்லை, மனதில் உள்ளதைப் பேசலாம். பதிவு அலுவலகத்துக் கதைகளை மூன்று மணி நேரம் சொன்னேன், மனிதர் அசையவில்லை. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டைத் தள்ளிப் போடும்படி அஸ்வினியிடம் சொன்னேன். சமையலறையிலிருந்து, "மூணு மணி நேரமும் நீங்களே பேசுனா அந்த மனுசன் எப்பப் பேசுனாரு?" என்று தமயந்தி கேட்டாள். ஞாயிறுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.