சாந்தம்மாவின் வலிக்குக் கிருஷ்ணப்பன் போட்ட மார்க்

மருத்துவர் உங்களை நாக்கை நீட்டச் சொல்கிறார். நீட்டுகிறீர்கள். அந்த நிலையிலேயே "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்கிறார். நாக்கை உள்ளே இழுத்து, எச்சிலை விழுங்கி, பதில் சொல்ல உங்களுக்கு இரண்டு விநாடியாவது வேண்டும். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நல்லா இறங்குது டாக்டர், காலைல மூணு இட்லி" என்று சொல்லி முடித்துவிடும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். அவருக்குப் பதில்சொல்லி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை நீங்கள் பார்க்காத இடம் உண்டா? ஜவுளிக்கடையில் "மேடத்துக்கு என்ன கலர் எடுக்கட்டும்?" என்று கேட்டால் "மெரூன்" என்பார். இ-சேவை மையத்தில் "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டால் பெயரோடு இனிஷியலையும், பிறந்த தேதியையும், கேட்காமலே அங்கமச்சத்தையும் சொல்வார். கல்யாணப் பந்தியில் பாயச வாளி உங்கள் இலையை நெருங்கும்போது "அவருக்குப் போதும்" என்று கை மறிப்பதும் இவர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் அன்பினால் செய்வது. அன்பு என்பதால்தான் யாரும் வாயை மூடச் சொல்வதில்லை.

மற்ற ஊர்களில் ஒரு மொழியில்தான் உங்கள் வாயை அடைக்க முடியும். எங்கள் ஓசூரில் மூன்று மொழி வசதி உண்டு. டாக்டர் தமிழில் கேட்டால் தமிழ், நர்ஸ் கன்னடத்தில் கேட்டால் கன்னடம், ரத்தம் எடுக்க வருபவர் தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. எதில் கேட்டாலும் நோயாளிக்கு முறை வராது.

போன மாதம் பித்தப்பையில் கல் என்று ஓசூரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். ஒரு கம்பெனி கேண்டீனுக்குப் பொறுப்பாளி நான். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்க வைக்கிறவளுக்கு இப்படி ஏதாவது கல் முளைத்தால்தான் லீவு கிடைக்கும். மூன்று கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் சாந்தம்மா. சூளகிரிக்கு அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவளுக்கும் கல்தான். கூடுதலாகக் கிருஷ்ணப்பன் என்று ஒரு கணவர். ஓசூரில் வண்டிக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவர். இது நல்லது, இது ரிஜெக்ட் என்று சொல்லியே பழகிய வாய்.

எங்களை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவர் கேட்க வந்தார். பித்தப்பையை எடுக்க வயிற்றில் நாலு சின்னத் துளை போடுவார்களாம். உள்ளே இடம் கிடைக்க வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைப்பார்களாம். அந்த வாயுவை வழக்கத்தைவிடக் குறைவாக ஏற்றினால் பிற்பாடு வலி குறைகிறதா, அதிலும் முக்கியமாகத் தோள்பட்டை வலி குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வாயு ஏற்றியது வயிற்றில், வலிப்பது தோளில். உடம்பு அப்படித்தான் என்றார். யாருக்குப் பழைய முறை, யாருக்குப் புதிய முறை என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். எங்களுக்கும் தெரியாது, வலி கேட்க வரும் பெண்ணுக்கும் தெரியாது.

"சம்மதமாம்மா?" என்று சாந்தம்மாவைக் கேட்டார்.

"சம்மதங்க. நம்ம கம்பெனியிலயும் புது மெஷின் வந்தா ட்ரையல் விடுவோம்" என்றார் கிருஷ்ணப்பன்.

அந்த அம்மாதான் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர். கிருஷ்ணப்பன் திரும்பி, சம்மதம் என்று சொல்லும்படி மனைவிக்குச் சொன்னார். மருத்துவர் பொறுமையாக, வேண்டாம் என்றும் சொல்லலாம், சொன்னால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று விளக்கினார். "வேணாம்னும் சொல்லலாமாம், நீ சம்மதம்னே சொல்லு" என்று அதையும் மொழிபெயர்த்தார் கிருஷ்ணப்பன், தமிழிலிருந்து தமிழுக்கு. சாந்தம்மா தலையை ஆட்டி, தானே கையெழுத்துப் போட்டாள். கிருஷ்ணப்பன் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலை யுவஸ்ரீ வந்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் வந்து வலியைக் கேட்டு எழுத வேண்டும், பகலில் அது இவள் வேலை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி. நாலோ அதற்கு மேலோ சொன்னால் கூடுதலாக ஒரு வலி ஊசி உண்டு. நான் வயிறு ஐந்து, தோள் ஒன்று என்றேன். ஊசி போட்டார்கள். எனக்குத் துணைக்கு ஆள் இல்லை, கொடுத்து வைத்தவள்.

சாந்தம்மாவிடம் வயிற்றில் வலி எத்தனை என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றார் கிருஷ்ணப்பன்.

"அம்மா சொல்லட்டும் சார். தோள்பட்டைல எத்தனைம்மா?"

"ஆபரேஷன் வயித்துலங்க மேடம், தோளு எதுக்கு வலிக்குது? ஜீரோ போடுங்க."

சாந்தம்மா "அது வந்து..." என்று ஆரம்பித்தாள். பேசக்கூடத் தெம்பில்லாதவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், தன்னையே கேட்கலாம் என்று கிருஷ்ணப்பன் அன்போடு கேட்டுக்கொண்டார். யுவஸ்ரீ எண்களை எழுதி, ஓரத்தில் 'கணவர் சொன்னது' என்றும் எழுதிக்கொண்டு போனாள்.

ஏன் இரண்டு என்று நான் அவரைக் கேட்டேன். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தை எனக்கு இலவசமாகக் கொடுத்தார். ஜீரோ என்றால் ஆடிட்டில் நம்ப மாட்டார்கள், இவன் அளக்காமலே எழுதியிருக்கிறான் என்பார்கள். மூன்று என்றால் நாலுக்குப் பக்கம். நாலு வந்துவிட்டால் ரீவொர்க், திரும்பப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். இரண்டுதான் நல்ல நம்பர், லிமிட்டுக்குள்ளே இருக்கும். அவர் வீட்டிலிருந்து ஒரு பொருள் ரிஜெக்ட் ஆனதாக இருக்கக் கூடாது. அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பொருள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது.

எதிர்க் கட்டிலில் சரோஜம்மாள். அவருக்கும் அதே ஆபரேஷன், அதே ஆராய்ச்சி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு உள்ள குடும்பம். அவருக்கும் ஒரு பதில்சொல்லி இருந்தார், மகன் சுரேந்தர். ஆனால் வேறு பள்ளிக்கூடம். மறுநாள் காலை யுவஸ்ரீ கேட்டதும் சுரேந்தர் "பத்துக்குப் பத்து" என்றார். சரோஜம்மாள் அப்போது லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறாரே என்று யுவஸ்ரீ காட்டியதற்கு, "எங்கம்மா எதுலயும் யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல" என்று சுரேந்தர் முடித்துவிட்டார்.

பத்து என்பது ரிஜெக்ட் என்று கிருஷ்ணப்பனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு என்பது ஃபெயில் என்று சுரேந்தருக்குச் சிரிப்பு. இரண்டு ஆண்களும் அரை மணி நேரம் இரண்டு பெண்களின் வலியை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். கடைசியில் சுரேந்தர் இறங்கிவந்து, இரண்டையும் கூட்டி வகுத்து ஆளுக்கு ஆறு என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆறு லிமிட்டைத் தாண்டுகிறது என்று கிருஷ்ணப்பன் மறுத்துவிட்டார். சரோஜம்மாள் எழுந்து, சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்குமா என்று கேட்டார். யுவஸ்ரீ பிறகு தனியாகக் கேட்டதற்குச் சரோஜம்மாள் ஒன்று என்றார்.

சாந்தம்மாவுக்கு யுவஸ்ரீ ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். ஆறு முகங்கள் வரைந்திருந்தன. முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. பேச வேண்டாம், எந்த முகம் என்று விரலால் தொட்டால் போதும் என்றாள். சாந்தம்மாவின் விரல் போர்வையை விட்டு வெளியே வந்தது. கிருஷ்ணப்பன் அந்த விரலை மெதுவாக, நோகாமல் பிடித்து, இரண்டாவது முகத்தின் மேல் வைத்தார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊசி அங்கே மேசையில் இருக்கிறது, வலி இங்கே கட்டிலில் இருக்கிறது, நடுவில் இந்த மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தையல் இழுத்ததால் என்னால் கத்த முடியவில்லை.

அன்று மதியம் கேள்வி நேரத்தில் அட்டெண்டர்கள், அதாவது துணைக்கு இருப்பவர்கள், வெளியே நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிருஷ்ணப்பன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், வெளியே போனார். யுவஸ்ரீ "வயித்துல..." என்று தொடங்கியதும் வராந்தா ஜன்னல் வழியாக "ரெண்டு!" என்று வந்தது. ஜன்னலை மூடினாள். சாந்தம்மாவின் தலையணைக்கு அடியிலிருந்த போன் அடித்தது. எடுத்தால் அவரேதான், "தோளுக்கு ஜீரோன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

யுவஸ்ரீ கெட்டிக்காரி. மாலையில் வரும்போது அந்த ஆராய்ச்சியிலேயே அட்டெண்டர்களுக்கென்று இருந்த ஒரு படிவத்தைக் கொண்டுவந்தாள். உங்கள் தூக்கம் எப்படி, உங்கள் பசி எப்படி, உங்கள் மனக்கவலை எப்படி என்று இருபது கேள்வி. கீழ்த்தளத்தில் மேசை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து நிதானமாக எழுதித் தரலாம் என்றாள். தன்னையும் அளக்கிறார்கள் என்றதும் கிருஷ்ணப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கீழே போனார். சாந்தம்மாவின் போனை யுவஸ்ரீ வாங்கி அணைத்து வைத்தாள். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா. எத்தனை?"

சாந்தம்மா கூரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். ஐந்து விநாடி போயிற்று. பத்து போயிற்று. யுவஸ்ரீ பேனாவைத் தூக்காமல், ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். பதினைந்து. நான் கதவைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன், அவர் வந்துவிடப் போகிறார்.

"ஒம்பதும்மா, ஒம்பது போட்டுக்க. நான் நேத்துலருந்து பாத்துட்டுதான இருக்கறேன்" என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று பார்த்தேன். நான்தான்.

சாந்தம்மா என் பக்கம் தலையைத் திருப்பினாள். இந்தப் பார்வையைக் கிருஷ்ணப்பன் இத்தனை வருஷம் எப்படித் தாங்கினார் என்று தெரியவில்லை.

"அக்கா, செத்த சும்மா இருங்க" என்றாள். பிறகு யுவஸ்ரீயிடம் சொன்னாள்: "வயித்துல மூணுதாம்மா. அவரு சொன்னதுல பெருசா தப்பில்ல. தோளுலதான் எட்டு. வலது தோளு. நேத்து சாயங்காலத்துலருந்து. யாராச்சும் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"நான் கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. எங்கிட்ட எங்க வந்து சேந்துச்சு?"

யுவஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு எட்டு என்று எழுதினாள். ஊசி வந்தது. மருத்துவர் வந்து பழைய தாள்களைப் பார்த்தார். தோள்பட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சியே. அந்தக் கட்டங்களில் வரிசையாக ஜீரோ. ஒவ்வொன்றையும் அடித்து, பக்கத்தில் 'நோயாளியின் பதில் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பகலும் ஓர் இரவும் ஒருத்தி பட்ட வலி எந்தக் கணக்கிலும் சேராமல் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அழவும் முடியவில்லை, தையல் இழுத்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கிருஷ்ணப்பன் மேலே வந்தார். கையில் படிவம். பெயரும் வயதும் மட்டும் எழுதியிருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை.

"சாந்தம்மா, எனக்குத் தூக்கம் எப்பிடி?" என்று கேட்டார்.

நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்று அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பசி? காலையில் இல்லை, மதியம் உண்டு. எழுதிக்கொண்டார். மனக்கவலை? இருக்கிறது, காட்டிக்கொள்வதில்லை. இருபதையும் அவளே சொன்னாள். யுவஸ்ரீ அந்தப் படிவத்தின் ஓரத்தில் 'மனைவி சொன்னது' என்று எழுதிக்கொண்டாள்.

தோளில் எட்டு என்று பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். முகம் சுருங்கிப் போயிற்று. பாவமாக இருந்தது. அப்புறம், "எட்டெல்லாம் இருக்காதுங்க மேடம். ஏழு புள்ளி ஆறு இருக்கும், ரவுண்டா சொல்றா" என்றார். சொல்லிவிட்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து தோளை இதமாகப் பிடித்துவிட ஆரம்பித்தார். இடது தோளை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பொத்திக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில்சொல்லி என்பவர் கணவர்களில் மட்டும் இல்லை, தரம் பார்க்கும் பிரிவில் மட்டும் இல்லை. அடுத்தவர் யோசிக்கும் பதினைந்து விநாடியைப் பொறுக்க முடியாத எவருக்குள்ளும் அவர் வந்து உட்கார்ந்துகொள்வார். அதுவும் நியாயமான கோபத்தோடு இருப்பவர்களைத்தான் முதலில் பிடிப்பார். நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? நல்லது. யுவஸ்ரீ கேட்டுவிட்டுக் காத்திருந்தாளே, சாந்தம்மா வாயைத் திறந்து திறந்து மூடினாளே, அப்போது உங்கள் மனதில் ஓர் எண் வந்ததா, இல்லையா? அவசரமில்லை, யோசித்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

சரி, விடுங்கள், நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும்? ஒன்பது. நானே போட்டுக்கொள்கிறேன்.