சந்திரவதனாவின் நோவுக்கு இரண்டு புள்ளி

உலகத்தில் எல்லா இனத்தாருக்கும் நோவு வருகிறது. ஆனால் ஒருவருடைய நோவைக் கூட்டம் கூட்டி ஆராய்ந்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிய பெருமை மெல்பேர்ண், மல்கிரேவ் வாழ் தமிழருக்கு மட்டுமே உரியது. அந்தக் கூட்டத்தை நடத்திய 'தமிழர் மாண்புக் காப்புக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

விடயம் சந்திரவதனாவின் வலது தோள். டண்டினொங்கில் கோழி இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்ற பெண். இரண்டு வருடமாகக் கழுத்திலிருந்து விரல் நுனி வரை நரம்பு இழுக்கிறது. தன் தலையைத் தானே சீவ முடியாது, மகள்தான் சீவிவிட வேண்டும். விழுங்கிய குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கினவே தவிர தோள்வரை போய்ச் சேரவில்லை. அதே தொழிற்சாலையில் நின்ற வியட்நாம்காரி ஒருத்தி, டொக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெயைப் பாவித்து இப்போது தானே கொண்டை போடுகிறாளாம். சந்திரவதனாவும் ஒரு கிளினிக்கில் நேரம் எடுத்துவிட்டார். அதைக் கோயிலில் வைத்து எங்கள் தலைவரின் மனைவியிடம் சொன்னதுதான் அவர் செய்த பிழை. அன்று மாலையே அவரையும் அழைத்து அவசரக் கூட்டம் கூடியது.

"கஞ்சாவோ? இதுக்கோ நாங்கள் கடல் தாண்டி வந்தனாங்கள்?" என்றார் தலைவர் வரதராஜா அண்ணை.

"டொக்டர் எழுதித் தாறது அண்ணை. சட்டம் விட்டிருக்கு," என்றார் சந்திரவதனா.

"சட்டம் அவங்கட. மானம் எங்கட."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. நான் முற்போக்கானவன். ஒரு நோயாளி டொக்டரிடம் போவதைத் தடுப்பது மனித உரிமை மீறல் என்று எடுத்துரைத்தேன். அவர் போகலாம். டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் குழு தீர்மானிக்கும். இந்தச் சமரசத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

விதிகளையும் நானே படித்து வந்து விளக்கினேன். நோவு மூன்று மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். வழமையான மருந்துகள் சரிவராமல் போயிருக்க வேண்டும். பத்துக்கு எவ்வளவு நோகிறது என்று டொக்டர் கேட்பார்.

"ஒம்பது," என்றார் சந்திரவதனா.

சபை திடுக்கிட்டது.

"ஒம்பதோ? போதைக்கு அலையிற ஆள் எண்டு எழுதிப்போடுவினம் பிள்ளை," என்றார் தலைவர்.

பொருளாளர் சிவாஜினி எழுந்தார். "நான் மூண்டு பிள்ளை பெத்தனான். அதுக்கே ஆறுக்கு மேலை குடுக்கமாட்டன்."

ஆகவே ஆறு உச்சவரம்பாயிற்று. தலைவருக்கு முன்பொருமுறை வந்த சிறுநீரகக் கல்லுக்கு ஐந்து வழங்கப்பட்டது. தலைவரின் கல்லைவிட ஒரு பெண்ணின் தோள் அதிகமாக நோவது மரபல்ல என்பதால் நாலு. பணிவுக்காக ஒன்று கழித்தோம், சமூகத்தின் நற்பெயருக்காக இன்னொன்று. இரண்டு! வாக்கெடுப்பில் சந்திரவதனா கலந்துகொள்ள அனுமதிக்கப்படவில்லை. நோவு அவருடையது என்பதால் அவர் நடுநிலையாளர் அல்ல.

வீட்டுக்குப் போய் இந்தச் சாதனையை மகன் லக்சனிடம் சொன்னேன். அவன் ஐ.டி. துறையில் இருக்கிறான்.

"டூ சொன்னா நோ வே, டாட். நான் எய்ட் சொன்னனான். போனில எட்டு நிமிசம், அந்த எண்ணெய்க்குப் பிரிஸ்கிரிப்ஷன் வந்திட்டுது."

"உனக்கு எங்கையடா நோகுது?"

"வேர்க் ஸ்ட்ரெஸ், டாட். இட்ஸ் லீகல்."

ஒருவரின் மருத்துவ விபரம் அந்தரங்கமானது. அதைக் குழுவில் சமர்ப்பிப்பது நாகரிகமல்ல என்று விட்டுவிட்டேன்.

கிளினிக்குக்குச் சந்திரவதனா, குழுவின் ஆலோசனைப்படி, மகள் உடுத்திவிட்ட காஞ்சிபுரம் சேலையோடும் அட்டியலோடும் வந்தார். நோயாளி மாதிரியா டொக்டரிடம் போவது? தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், இலவசம் என்றார் டொக்டர். நான் இருக்கிறேன் என்றேன்.

பத்துக்கு எத்தனை என்று டொக்டர் கேட்டதும் சந்திரவதனா "ஒம்..." என்று தொடங்கினார். "டூ," என்று நான் முடித்து வைத்தேன்.

முந்திய மருந்துகள் உதவினவா என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு மருந்துக்கும் கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை. குளிக்க ஏலாது, உடுக்க ஏலாது. ஒருக்கால் வடிவாச் சொல்லுங்கோ."

ஒரு டொக்டரின் முகத்துக்கு நேரே டொக்டர்மாரின் மருந்தைக் குறை சொல்வது எங்கள் பண்பாட்டில் இல்லை. "எல்லா மருந்தும் மிக நன்று. ஆஸ்திரேலிய மருத்துவத்துக்கு இவர் என்றும் கடமைப்பட்டவர்," என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். டொக்டர் மகிழ்ந்து போனார். இப்படி நலமாக இருப்பவருக்கு இந்த எண்ணெய் தேவையில்லை, தகுதியும் இல்லை என்று எழுதி, சந்திரவதனாவின் கையைக் குலுக்கினார். இடது கையைத்தான்.

திரும்பி வரும்போது காருக்குள் சந்திரவதனா, "எனக்கு இங்கிலிஷ் கதைக்கத்தான் வராது அண்ணை. விளங்கும்," என்றார். அவருடைய மொழி முன்னேற்றம் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை. 'கஞ்சாவை மறுத்த தமிழ்ப் பெண்' என்று பதாகையும் கட்டியிருந்தோம். யார் யாரை மறுத்தது என்ற சில்லறை விபரங்களுக்குப் பதாகையில் இடமில்லை.

"கும்பிட்டபடி ஒரு படம் அன்ரி. ரெண்டு கையும்," என்றார் படம் எடுத்த சுபாங்கன்.

இடது கை மட்டும் நெஞ்சுவரை வந்தது.

"மற்றது ஏலாது தம்பி."

பொன்னாடை பெற்றவர் சபையை வணங்காமல் நிற்பது முறையல்ல. நான் அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி இடது கையோடு சேர்த்து வைத்தேன். அவர் வீரிட்டுக் குழறிய குழறலில் தலைவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பின்வரிசையில் பிள்ளைகள் அழத் தொடங்கின. படம் நன்றாக வந்திருக்கிறது.

அது பத்துக்குப் பத்து என்பது அந்தக் கணமே எனக்குத் தெரியும். ஆண்டறிக்கையில் இரண்டு என்றுதான் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தைச் செயலாளர் ஒருவர் தனியாக மாற்றக் கூடாது.